எண்பத்தைந்து குழி

பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்களை யாரும் அவர்களுடைய அப்பாவின் காதுபட திருடி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். என்னைச் சொன்னார்கள். அதனால் அந்தப் பாவத்தை நான் நிதானமாக, ரசித்துச் செய்தேன்.

தஞ்சாவூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம். படித்தவர்கள் எல்லோருக்கும் அமெரிக்கா பக்கத்து ஊர் மாதிரி தோன்றிய காலமும்கூட. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் நானும் ஒரு சென்டரில் படித்தேன். எங்கள் பக்கம் பழைய பத்திரங்களில் நிலம் வேலி, மா, குழிக் கணக்கில் இருக்கும். பட்டாவில் ஹெக்டேர். பேசும்போது ஏக்கர். இதையெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றித் தர ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். நாலு மாதம் பிடித்தது. சென்டரில் சொல்லிக் கொடுத்தவனிடம் காட்டினேன். அப்போது அவன் எனக்கு 'சார்'.

"நல்லா வந்திருக்கும்மா. ஃப்ளாப்பியில போட்டுக் குடு, பாத்துட்டுத் தரேன்" என்றான். கொடுத்தேன். புத்தி கெட்டவள்.

அடுத்த மாதம் சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. அப்பா துணைக்கு வந்தார். நான் ப்ரோக்ராமை ஓட்டிக் காட்டியதும் எதிரே இருந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார்.

"இதையேதான் போன வாரம் உங்க ஊர்க்காரர் ஒருத்தர் காட்டினாரு. அவருக்கு ஆர்டரே குடுத்தாச்சு. அடுத்தவங்க உழைப்பத் திருடிட்டு வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

கதவு திறந்திருந்தது. வெளியே நாற்காலியில் அப்பா. திரும்பும்போது கும்பகோணத்தில் பஸ் மாறினோம். பிறகு கேட்டார்: "நீதானம்மா எழுதின?" நான்தான்ப்பா என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் கேட்டுவிட்டாரே. அந்த ஒரு கேள்விக்காகவே அந்த 'சாரை' நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவன் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினான். நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தப் போனேன்.

வருஷங்கள் ஓடின. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) ஒன்றுக்கு, சம்பளம் இல்லாமல், விருப்பத்தின் பேரில் வேலை செய்ய ஆரம்பித்தேன். உலகத்தில் எங்கிருந்தும் யார் வேண்டுமானாலும் தாங்கள் எழுதிய மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டி அனுப்பலாம். அதைச் சேர்க்கலாமா என்று ஆராய்ந்து சொல்வது என் போன்றவர்கள் வேலை. ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்க்க வேண்டும். யார் எழுதியது, என்ன லைசென்ஸ், எழுதியவர் அத்தனை பேரும் சம்மதித்தார்களா என்று கேட்க வேண்டும். கேள்வியும் பதிலும் எல்லோரும் படிக்கிற மெயிலிங் லிஸ்டில்தான் நடக்கும். நான் அங்கே ஒரு புனைபெயரில் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லேப் காலியாக இருந்தது. தமிழ்நாட்டு நில அளவைகளை மாற்றித் தரும் பேக்கேஜ் ஒன்று வந்திருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர். அவன் பெயர் மட்டும்.

என்னுடையதுதானா என்று முதலில் சந்தேகப்பட்டேன். வேறு மொழியில் மாற்றி எழுதி, குறிப்புகளை எல்லாம் துடைத்து, பளபளவென்று வைத்திருந்தான். அளவைப் பட்டியலைத் திறந்தேன். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. சரி. அதற்குக் கீழே ஒரு விதிவிலக்கு: எங்கள் ஊர் பெயரைப் போட்டு, அங்கே மட்டும் மாவுக்கு எண்பத்தைந்து குழி.

எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

உலகத்தில் எங்கேயும் மாவுக்கு எண்பத்தைந்து குழி கிடையாது. எங்கள் வயல் ஒன்றுக்கு 'ஆறு மா' என்று பெயர். வாய்க்காலுக்குக் கரை போட்டபோது அதில் ஒரு பகுதி போய்விட்டது. நிலம் குறைந்ததே தவிர ஊரில் யாரும் பெயரைக் குறைக்கவில்லை. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர் இருக்க வேண்டும்; பட்டாவில் இருந்த ஹெக்டேரை மாற்றினால் ஓர் ஏக்கர் எழுபது சென்ட்தான். விவரம் தெரியாத வயதில் நான் அதை ஆறால் வகுத்து, எங்கள் ஊர் மா சின்னது போலிருக்கிறது என்று நம்பி, எழுதி வைத்துவிட்டேன். அந்த மண்ணாங்கட்டியை அவன் அமெரிக்கா வரைக்கும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். லிஸ்டில் ரொம்ப மரியாதையாகக் கேட்டேன்: இந்த ஊருக்கு மட்டும் ஏன் எண்பத்தைந்து?

இரண்டாம் நாள் பதில் வந்தது. மராட்டியர் காலத்து இனாம் நிலங்களில் அளவுகோல் சற்றுக் குட்டை, அந்த வழக்கம் அங்கே இன்னும் நீடிக்கிறது என்றான். அருமையான தகவல், ஆதாரம் தர முடியுமா என்றேன். ஊர்ப் பெரியவர்களை நேரில் சந்தித்துக் குறித்துக்கொண்டேன் என்றான். எந்த வருஷம், எத்தனை பேர் என்றேன். மூன்று பேர் என்றான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை பத்து நாள் விடாமல் கத்தியது. லிஸ்டில் இருந்த மற்றவர்கள் அவன் ஆராய்ச்சியைப் பாராட்ட ஆரம்பித்தார்கள். நன்றாகப் பாராட்டட்டும் என்று காத்திருந்தேன்.

பதினோராம் நாள் பட்டாவின் நகலையும், என்னிடம் இருந்த பழைய ப்ரோக்ராமின் அச்சுப் பிரதியையும் ஸ்கேன் செய்து போட்டேன். கீழே என் சொந்தப் பெயர். வயலின் கதையை நாலு வரியில் எழுதி, 'இந்தத் தவறு என்னுடையது. இதைச் சுற்றியுள்ள எல்லாமும் என்னுடையவை' என்று முடித்தேன்.

லிஸ்டில் அவன் வாயே திறக்கவில்லை. எனக்குத் தனியாக மெயில் போட்டான். "என்கிட்ட நேரா சொல்லிருக்கலாமேங்க. என் ஆபீஸ்காரங்கல்லாம் படிக்கிற லிஸ்ட் அது. உங்க பேர முதல்ல போட்டுடறேன், என் பேரு கீழ இருக்கட்டும். சம்மதம்னு ஒரு வரி போடுங்க, ப்ளீஸ்."

வாம்மா போம்மா போய் 'ங்க' வந்திருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உண்மையைச் சொன்னால், இனித்தது. என் பெயருக்குக் கீழே அவன் பெயரா? ஒரே பாயில் அவனோடு உட்கார நான் தயாரில்லை. எழுதியவரின் சம்மதம் இல்லை என்று லிஸ்டில் ஒரு வரி போட்டேன். இன்னொரு பரிசீலகர் வேறு வழியில்லாமல் பேக்கேஜை நிராகரித்தார். அது என் பெயரிலும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது சற்று மந்தமாகியிருந்ததால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் காதைச் சாய்த்துக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"அன்னைக்கு மெட்ராஸ்ல உன்ன அப்படிச் சொன்னாரே, அந்த ஆளு இதப் படிச்சிருப்பாராம்மா?"

அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"படிச்சிருப்பாருப்பா" என்றேன்.