பசு ஆற்றைத் தாண்டும் வரை

ஹவிஸ் அழவில்லை. விடியும்போது புருஷன் ஆஸ்பர்ட்டின் மூச்சு நின்றுவிட்டது. அவள் தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், உடனே பண்ணை மணியக்காரர் வந்துவிடுவார். பண்ணையாள் செத்தால் அவன் வீட்டின் நல்ல மாடு பண்ணைக்குச் சொந்தக்காரரான பிரபுவுக்குப் போக வேண்டும். வழக்கமாம், நாசமாய்ப் போன வழக்கம்! இந்த வீட்டில் இருந்ததே ஒரு பசுவும் அதன் கன்றும்தான்.

அந்தப் பண்ணையிலேயே பிறந்து, பிரபுவிடம் அனுமதி வாங்கிக் கல்யாணம் செய்து, அவர் வயலை அறுத்த பிறகே தன் வயலுக்கு ஓடி, இரண்டு பிள்ளைகளைக் குளிருக்குப் பறிகொடுத்தவள் அவள். மிச்சமிருந்த கைக்குழந்தைக்குக் கொடுக்கத் தாய்ப்பால் இல்லை. பசு போனால் பிள்ளையும் போய்விடும்.

அவளுடைய அண்ணன் எட்ரிக் பசுவை அவிழ்த்தான். "ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற பிரபுவோட மண்ணு. அங்க கட்டிட்டா, நேத்தே வித்தாச்சுன்னு சொல்லிக்கலாம். அதுவரைக்கும் மூச்சு விடாதே, புள்ள."

"கன்னுக்குட்டி?"

"ரெண்டையும் ஓட்டிட்டுப் போனா ஊரே பாக்கும். அது கெடக்கட்டும்."

வெயில் ஏறியபோது மணியக்காரர் தர்ஸ்டன் வாசலில் நின்றார்.

"உழவுக்குக் கொம்பு ஊதி எவ்வளவு நேரமாச்சு! உன் புருஷன் என்ன, பிரபுவுக்கே பிரபுவா?"

"காய்ச்சலுங்க. இப்பத்தான் கண்ணசந்தாரு."

அவர் எட்டிப் பார்த்தார். கம்பளி போர்த்தி, சுவரைப் பார்த்தபடி கிடந்தான் ஆஸ்பர்ட்.

"குறட்டைக்குப் பேர் போனவனாச்சே. சத்தத்தையே காணோம்?"

ஹவிஸ் வாசலை மறித்து நின்றாள். கொட்டிலில் கன்று பசியில் கத்தியது.

"தாய் மாடு எங்கே?"

"நேத்தே வித்துட்டோங்க."

கன்று மறுபடி கத்தியது. சந்திலிருந்து பதில் குரல் வந்தது. அறுந்த கயிறு இழுபட, வயிறு வரை நனைந்து, மடியில் பால் சொட்டச் சொட்ட ஓடிவந்த பசு, மணியக்காரரை இடித்துக்கொண்டு கன்றிடம் போய் நின்றது. பாவி அண்ணன் கன்றை விட்டுவிட்டுப் போனானே!

தர்ஸ்டன் உள்ளே போய் ஆஸ்பர்ட்டின் காலைத் தொட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு வந்து அறுந்த கயிற்றைப் பிடித்தார்.

"என்னைத் திட்டாதே, தாயி. இதை விட்டுட்டுப் போனா என் வீட்டு மாடு போயிடும்."

ஹவிஸ் கன்றை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, மரக்கிண்ணத்தோடு மடியருகே குந்தினாள். கிண்ணம் நிறையும் மட்டும் பீய்ச்சிக்கொண்டே, விடியற்காலையில் அடக்கிய அழுகையை ஓவென்று அழுதாள். தெரு முழுக்கக் கேட்டது.