நீல அறையும் இரண்டு கரித்தடங்களும்

இது நடந்து மூன்று வருடமாகிறது. மார்கழி மழை விடாமல் ஊற்றிய காலம். பதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம் வரும். அதன் மேல் பிரிவில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயம் ஒன்றை இடித்த இடத்தில் கிடைத்த ஏழு பேர்ச் காணியில்தான் எங்கள் வீடு இருக்கிறது.

நான் பேய், முனி என்று பயப்படுகிற ஆள் இல்லை. ஆறு வருடம் அரபு நாட்டில் வீட்டு வேலை பார்த்தவளுக்கு அதைவிடப் பயங்கரமானதெல்லாம் பழகிப்போயிருந்தது. அப்படிப்பட்ட நான், ஆசை ஆசையாகக் கட்டிய என் வீட்டின் முன்னறைக்குள் போகவே பயந்தேன். எல்லாம் ஒரு சாப்பாட்டில் ஆரம்பித்தது.

அந்த அரபு வீட்டில் எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. சமையலுக்கு மொரோக்கோ நாட்டு அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய் ஓயாது. அவரிடம்தான் நான் அரபு பேசக் கற்றேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் ‘தாஜின்’ வைப்பார். கூம்பு மாதிரி மூடி போட்ட மண்சட்டியில் ஆட்டிறைச்சி, வெங்காயம், உப்பில் ஊறிய எலுமிச்சை, பேரீச்சம்பழம், கறுவாப்பட்டை எல்லாம் அடுக்கி, கரியடுப்பில் மூன்று மணி நேரம் வேகவிடுவார். இறைச்சி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று வரும். என்ன வெயிலாக இருந்தாலும் அடுப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். விரலை மேலே காட்டி என்னையும் கூப்பிடுவார். வெயிலுக்குப் பயந்து நான் ஒரு நாளும் போனதில்லை. தன் கணவரோடு நிம்மதியாகப் போன் பேசத்தான் மாடிக்குப் போகிறார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

ஊருக்கு வந்து வீட்டைக் கட்டி முடித்ததும் என் கவனமெல்லாம் முன்னறை மேல்தான். மொரோக்கோ அக்கா தன் போனில் காட்டிய தாய்வீட்டு அறை மாதிரியே அது இருக்க வேண்டும். சுவருக்குக் கருநீலம் அடித்தேன். என் கணவர் லொறியிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படம் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் பூக்கோலத்தை வெட்டியெடுத்துச் சுவரில் வைத்து வெள்ளை பெயிண்டை ஒற்றி ஒற்றி அறை முழுக்கப் பூவாக்கினேன். பதுளை பஜாரில் தகர வேலை செய்கிறவரிடம் பால்மா டின்னைக் கொடுத்து, சுற்றிலும் நட்சத்திரம் நட்சத்திரமாக ஓட்டை போட வைத்து, தங்கக் கலர் பூசி விளக்காகத் தொங்கவிட்டேன். இலவம்பஞ்சுத் திண்டுகள், தாழ்வான மேசை, நடுவில் நான் கார்கோ பெட்டியில் அனுப்பிய சிவப்புக் கார்ப்பெட். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து வழியாகப் பனி புகுந்து கார்ப்பெட் ஈரமானது. பொறுக்குமா எனக்கு? அந்தச் சந்து முழுக்கப் பழந்துணி திணித்து அடைத்தேன். அதற்குக் கீழே சேலைகளை இழுத்துக் கட்டிக் கூடாரம் மாதிரி ஆக்கினேன்.

“என்னாக்கா, வீட்டுக்குள்ள டென்ட் அடிச்சிருக்கீங்க?” என்று கீழ் லயத்துப் பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். எல்லாம் வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

தாஜின் அடுப்புக்குக் கரி கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், தூள் காய வைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. அங்கே மிஞ்சும் கரியைச் சாக்கில் கொண்டுவந்து தருவார். ஆள் எப்போதும் கரியும் சாம்பலுமாகத்தான் இருப்பார். முதல் நாள் அவர் சாக்கோடு உள்ளே காலை வைக்கப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது.

“ஐயோ தம்பி, அங்கயே நில்லுங்க! கார்ப்பெட்ல கரி ஒட்டுனா போகாது. படிக்குக் கீழயே வச்சிட்டுப் போங்க” என்று கத்திவிட்டேன்.

அவர் சட்டென்று காலை எடுத்துக்கொண்டார். அடுப்பை வெளியேதானே வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். அந்த நாட்டில் எல்லாரும் நடுவீட்டில்தான் வைப்பார்கள் என்று அளந்துவிட்டேன். “அப்டிங்களாக்கா” என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாஜின் வைத்தேன். கூம்பு மூடிக்கு எங்கே போவது? சந்தையில் வாங்கிய பூந்தொட்டியைக் கவிழ்த்து, அதன் ஓட்டையைக் கோதுமை மாவால் அடைத்தேன். வெலிமடை கரட்டும் உருளைக்கிழங்கும் போட்டேன். வெளியே மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி எதிர்மலை காணாமல் போயிருந்தது. உள்ளே நடு அறையில் கரியடுப்பு சிவந்து கிடக்க, டின் விளக்கின் நட்சத்திரங்கள் நீலச் சுவரெல்லாம் மிதக்க, நானும் கணவரும் பத்து வயது மகளும் திண்டுகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். சொர்க்கம்தான் போங்கள். மகள் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் கணவர் தலையை நிமிர்த்தி, “மேல யாரோ நடக்கிறாங்க” என்றார்.

எங்கள் கூரை வெறும் தகரம். அதில் யார் நடப்பது? மழை என்று சொன்னேன். மழை அப்போது விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் காதுக்குள் தொம் தொம்மென்று கேட்டது. சுவரில் நான் ஒற்றிய பூக்கள் மெல்ல மூச்சு விடுவது மாதிரி விரிந்து சுருங்கின. கண்ணைக் கசக்கிக்கொண்டேன். தலையைப் பிளக்கிற வலி. எழுந்து வெளியே போனோம், பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. சமையலறையில் ஒன்றும் இல்லை, படுக்கிற அறையில் ஒன்றும் இல்லை, முன்னறையில் கூடி உட்கார்ந்தால் மட்டும் வந்துவிடும். எங்கள் பூனை அந்த அறை வாசல்வரை வந்து, உள்ளே எதையோ பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். ஒரு நாள் மகள் திண்டில் படுத்தபடி மூலையையே பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்றால் தெரியாது என்கிறாள்.

விஷயம் கீழ் லயத்துக்குப் போனதும் வாய்கள் திறந்துகொண்டன. நாங்கள் வீடு கட்டிய இடத்தில்தான் பழைய லயத்தின் கடைசிக் காம்பிரா, அதாவது கடைசி வீட்டு அறை, இருந்ததாம். அதில் குடியிருந்த பெண் ஒரு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே செத்துக் கிடந்தாளாம். காணி கிடைத்தபோது இதை எங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. கணவர் அன்றைக்கே பூசாரியிடம் ஓடினார். மூன்று வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துச் சாம்பிராணி போட வேண்டும், புகை மூலை முடுக்கெல்லாம் பட்டு நிற்க வேண்டும் என்று பூசாரி சொல்லி அனுப்பினார்.

பேய் இல்லை என்று வாய் கிழியப் பேசிய நான் மறு பேச்சில்லாமல் செய்தேன். சின்னச் சாம்பிராணித் தட்டு போதாதென்று அந்தப் பெரிய கரியடுப்பையே நிறைத்து நடுவில் வைத்தேன். முதல் வெள்ளி மகள் வாந்தி எடுத்தாள். “பாத்தியா, போறதுக்கு முன்னாடி ஆட்டம் காட்டுது” என்றார் கணவர். அதனால் இரண்டாவது வெள்ளி இன்னும் இரண்டு கை கரி கூடப் போட்டேன்.

மூன்றாவது வெள்ளி கணவர் மரக்கறி ஏற்ற வெலிமடைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் மகளும் மட்டும். போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, முன்னறைக் கதவைத் தாழிட்டு, கதவடியில் சாக்கைச் செருகினேன். இன்றோடு தொலைந்தது சனியன் என்று கைநிறையச் சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். மகள் புலமைப்பரிசில் பரீட்சைப் புத்தகத்தோடு திண்டில் சாய்ந்திருந்தாள்.

“அம்மா, மேல அந்த ஆன்ட்டி நடக்கிறாங்க” என்றாள்.

“எந்த ஆன்ட்டிடி?”

“ஒங்ககூட பேசுவாங்கள்ல, அவங்க.”

நான் யாரோடும் பேசவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், எதிர்த் திண்டில் மொரோக்கோ அக்கா உட்கார்ந்திருக்கிறார். அதே சாம்பல் கலர் அங்கி, அதே வளையல். எனக்குத் துளியும் பயம் வரவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது பயம். அவர் விரலை மேலே காட்டினார். எழுந்து வா, மாடிக்குப் போவோம் என்றார். மாட்டேன், மேலே குளிர் என்றேன். அவர் விடவில்லை. திரும்பத் திரும்ப விரலைக் காட்டினார், நான் திரும்பத் திரும்ப மாட்டேன் என்றேன். இடையில் மகளைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, புத்தகம் கையிலிருந்து நழுவிக் கிடந்தது. கூப்பிட்டேன், அசையவில்லை. பெற்றவள் நான் அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் தெரியுமா? தூங்கட்டும், பாவம் என்று நினைத்தேன்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது முகத்தில் விழுந்த மழை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஈர மண்ணில் கிடந்தேன். அருகே உடம்பெல்லாம் கரியோடு பக்கத்து வீட்டுக்காரர் என் மகளை மடியில் போட்டுக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். “பாப்பா, கண்ணத் தொற! பாப்பா!” என்று அவர் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. என்னால் ஒரு கையைக்கூடத் தூக்க முடியவில்லை. என் பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அவரே ஆட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மகளுக்கு விடிய விடிய ஒட்சிசன் கொடுத்தார்கள். டொக்டரம்மா என்னிடம் கேட்டது மூன்றே கேள்விகள். எந்த அறையில், எத்தனை பேருக்கு, அங்கே என்ன எரிந்தது? நான் முனியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அடைத்த அறையில் கரி எரிந்தால் வரும் நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லையாம். தலைவலி, காதுச் சத்தம், இல்லாத ஆள் தெரிவது எல்லாம் அதன் வேலையாம். காலையில் மகள் கண்ணைத் திறந்து, “அம்மா, புத்தகம் நனஞ்சிருச்சா?” என்று கேட்டாள். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அப்புறம்தான் நடந்ததைச் சொன்னார். கரிச் சாக்கோடு வாசலுக்கு வந்தவருக்கு உள்ளே நான் வேற்றுப் பாஷையில் பேசுவது கேட்டிருக்கிறது. “லா, லான்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. வெளிநாட்டுக்குப் போன் பேசுறீங்கன்னு நெனச்சேன்” என்றார். அரபில் அதற்கு ‘மாட்டேன், வேண்டாம்’ என்று அர்த்தம், அது அவருக்குத் தெரியாது. அப்போது சமையலறைப் பக்கம் என் போன் மணி அடித்திருக்கிறது. போன் அங்கே இருந்தால் இந்த அக்கா யாரோடு பேசுகிறார் என்று அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஓடிவிடத்தான் தோன்றியதாம். ஆனால் சாம்பிராணி வாசம் வந்ததும், உள்ளே கரி எரிகிறது என்று உறைத்திருக்கிறது. ஸ்டோர் அடுப்படியில் ஒரு தடவை அவரே இப்படி மயங்கி விழுந்தவர். என் மகளைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை.

“ஆனா கதவ ஒடச்சு ஒங்கள தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி நாலஞ்சு நிமிஷம் சும்மா நின்னுட்டேன்க்கா” என்று தலையைக் குனிந்துகொண்டார். “உள்ள கால வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்கல்ல.”

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. என் பிள்ளை மூச்சுக்குத் தவித்த அந்த நாலைந்து நிமிடம், ஒரு மனிதர் கதவுக்கு வெளியே என் கார்ப்பெட்டை நினைத்துத் தயங்கி நின்றிருக்கிறார். காலைப் பிடிக்கப் போனேன், பதறி விலகிவிட்டார். வெறும் பெயருக்குத் ‘தம்பி’ என்று கூப்பிடுவதை அன்றோடு விட்டேன், அன்றிலிருந்து அவர் என் கூடப்பிறந்த தம்பிதான். இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் இலை அவருக்குத்தான், அதுவும் அந்த அறையில்தான்.

மொரோக்கோ அக்காவுக்குப் போன் போட்டேன். தன் ஊரில் நன்றாகத்தான் இருக்கிறார். முழுக் கதையையும் சொன்னேன். அந்த நச்சுக் காற்றுக்குப் பயந்துதான் மாடிக்குப் போவேன், நீ அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லையே என்றார். எதிர்த் திண்டில் உட்கார்ந்து விரலைக் காட்டியது நச்சுக் காற்றின் வேலை என்று டொக்டரம்மா சொல்கிறார். நானும் நம்புகிறேன். ஆனாலும் அந்த மயக்கத்தில்கூட என்னை வெளியே கூப்பிடத்தானே வந்தார் என்று நினைத்தால் கண் கலங்கும். கடைசிக் காம்பிராவில் தூக்கத்திலேயே செத்த அந்தப் பெண்ணையும் நினைப்பேன். அவளும் குளிருக்குக் கரி மூட்டிக் கதவடைத்தாளோ என்னவோ, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அறை இன்றும் நீலமாகத்தான் இருக்கிறது. சந்தில் அடைத்த துணியெல்லாம் பிடுங்கிவிட்டேன், பனி தாராளமாக உள்ளே வருகிறது, பூனையும் வருகிறது. தாஜின் வெளியே கொட்டகையில் வேகிறது. கதவோரம் கார்ப்பெட்டில் இரண்டு பெரிய கரித்தடங்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் கழுவச் சொல்கிறார்கள், நான் கழுவவில்லை. அந்தப் பேயை வீட்டுக்குள் தூக்கி வந்து விசிறி விசிறி வளர்த்தவள் நான்தான், அது வெளியே போனது அந்தக் கரிக்கால் என் கார்ப்பெட்டை மிதித்த அன்றைக்குத்தான்.