புரட்டாசிச் சனியும் ஆட்காட்டிக் குஞ்சுகளும்

புரட்டாசிச் சனி விரதத்துக்குக் காகம் சோறு எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு. சிட்னியில் டூங்கபிக்குக் குடிவந்த பிறகும் அதை நாங்கள் விடவில்லை. போன வருடம் ஒரு சனியன்று, மதியம் தாண்டியும் வேலியில் வைத்த சோற்றை ஒரு காகமும் சீண்டவில்லை. என் கணவருக்குப் பசி.

"பார்க்கில நிறையக் காகம் நிக்குது. அங்க கொண்டுபோய் வையுமன்," என்றார்.

பின்வேலிக்கு அப்பால்தான் பார்க். அங்கே புல்தரையில் ஆட்காட்டிக் குருவி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. யாரும் மிதித்துவிடாதபடி கவுன்சில்காரர்கள் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சுத்தமான இடம் அதுதானே என்று, கயிற்றின் ஓரமாகச் சோற்றை வைத்துவிட்டுக் "கா கா" என்று கூப்பிட்டேன்.

ஐந்தாறு காகங்கள் இறங்கின. ஒன்று சோற்றைக் கொத்தியது. மற்றவை கயிற்றுக்குள் போயின. தாய்க்குருவி கத்திக் கத்திப் பாய்ந்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை. கடைசிக் குஞ்சு அலகில் தொங்கியபடி கால்களை உதறிக்கொண்டே போனது.

அழுதுகொண்டு வீட்டுக்குள் வந்தேன்.

"காகம் எடுத்திட்டுதோ?" என்று கேட்டார் கணவர்.

"ஓம், எடுத்திட்டுது."

"அப்ப சோத்தைப் போடும்."

இந்த வருடம் நான் காகத்துக்குச் சோறு வைக்கவில்லை. வீட்டைச் சனி பிடிக்கும் என்று வெருட்டுகிறார். அந்தத் தாய்க்குருவியைப் பிடித்த சனியைவிடவா?