ஜெனரலின் மனைவி அம்மை குத்திக்கொண்ட கதை

பஸ் ஓட்டிவிட்டு வரும் சித்தப்பா சீருடையைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் உட்கார்ந்து நூலகப் புத்தகத்தை விரிப்பார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். அப்போது மெல்பேர்னில் ரோவில் என்ற இடத்தில் அவர்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மன்னாரில் சரித்திரம் படிப்பித்தவருக்கு அங்கே வகுப்பறை கிடைக்கவில்லை. சித்தியும் நானும்தான் அவருக்கு வகுப்பு. சித்தி வெங்காயம் உரித்தபடி கேட்பார்.

அவருக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்கப் புரட்சிப் படையை நடத்திய ஜெனரல். வென்ற சண்டைகளைப் பற்றிச் சித்தப்பா அதிகம் பேசியதில்லை. அந்த மனிதரின் முகத்திலிருந்த அம்மைத் தழும்புகளிலிருந்துதான் தொடங்குவார். இளவயதில் ஒரு தீவுக்குப் போன இடத்தில் பெரியம்மை கண்டு பிழைத்தவர் என்பதால், எதிரியின் பீரங்கியைவிட அந்த நோய் தன் படையை வேகமாகத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அம்மை குத்தினால் நோய் லேசாகக் கண்டு சிப்பாய்கள் வாரக்கணக்கில் படுத்துவிடுவார்கள். எதிரிக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது. பலமுறை தயங்கி, கடைசியில் ரகசியமாகக் குத்தச் சொன்னார். "தயங்கினவர் எண்டபடியாத்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்" என்பார் சித்தப்பா. பிறகு ஜெனரலின் மனைவியிடம் வருவார். கணவரோடு முகாமில் இருக்க வேண்டுமென்றால் அவரும் குத்திக்கொள்ள வேண்டும். அவர் துணியமாட்டார் என்றே ஜெனரல் நினைத்தார், கடிதத்திலும் எழுதினார். அந்த அம்மா போய்க் குத்திக்கொண்டார்.

அந்த இடம் வரும்போது சித்தி எழுந்து சோற்றைப் பார்க்கப் போய்விடுவார். சிறுவயதில் அவருடைய தம்பிக்குக் காய்ச்சல் வந்து ஊசி போட்டார்கள். அன்று பின்னேரமே அவன் இறந்துபோனான். காய்ச்சல்தான் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டில் ஊசி கொன்றது என்றே சொல்லி வந்தார்கள். சித்தி வாழ்நாளில் ஒரு ஊசிக்கும் கையை நீட்டியதில்லை.

கொரோனா வந்தபோது நான் அதே ஊரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருந்தேன். இங்கே மருந்தாளர்களும் தடுப்பூசி போடலாம் என்பதால் சித்தப்பா என்னிடமே போட்டுக்கொண்டார். சித்தி வரவில்லை. "அவவை நெருக்காத பிள்ளை. அவவுக்கு அது ஊசியில்லை, தம்பியின்ர சாவு" என்றார் சித்தப்பா.

சில மாதங்களில் சித்தப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் முற்றியிருப்பது தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த நாட்களில் இரண்டு ஊசியும் போட்டவர்களைத்தான் பார்க்க விட்டார்கள். நான் போய்வந்தேன். சித்தியிடம் அவர் தொலைபேசியில், "நீர் வீட்டில இரும், நான் வந்திடுவன்" என்றே தினமும் சொன்னார். வரமாட்டார் என்று டொக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் சித்தியிடம் சொல்லவில்லை; ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் மத்தியானம் சித்தி, பூசைக்கு உடுக்கும் சீலையோடு கடைக்குள் வந்தார்.

"பிள்ளை, அந்த ஜெனரலின்ர மனிசி பயந்தவவோ?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் என்ன இருந்ததென்று சித்தப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

"பயந்திருப்பா சித்தி."

"அப்ப போடு. அவருக்குச் சொல்லாத."

ஊசி இறங்கும்போது தம்பியின் பெயரை மெல்லச் சொன்னார். அத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். கால்மணி நேரம் உட்கார வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் அழத் தொடங்கினார். 

இரண்டாவது ஊசிக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவரை சித்தப்பா தாங்குவாரா என்று நான் தினமும் எண்ணிக்கொண்டே வேலை செய்தேன். தாங்கினார். முகக்கவசத்தோடு உள்ளே போன சித்தியை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் என்னைப் பார்த்தார், பிறகு சித்தியின் புயத்தைப் பார்த்தார். கட்டிலில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்.

அதன்பின் ஒன்பது நாட்கள் இருந்தார். காலையில் சித்தியைக் கொண்டுபோய் விட்டு, வேலை முடிந்து கூட்டிவருவேன். கடைசி நாளில் அவருடைய கை சித்தியின் கைக்குள் இருந்தது.

போன கிழமை, அந்த ஒன்பது நாளும் என்ன கதைத்தீர்கள் என்று சித்தியைக் கேட்டேன். சித்தப்பா வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்த மனிதராயிற்றே.

"ஒண்டும் கதைக்கேல்லை, பிள்ளை. அவர் நித்திரை. நான் பக்கத்தில இருந்தனான்" என்றார். பிறகு, "அது காணும். எனக்கு அது போதும்" என்றார்.