என் பிள்ளைக்கு அவர்கள் கண்டுபிடித்த குறை

என்னிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சேலைக் கடையில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். விற்கிறவளிடமே ஒருவர் வந்து விற்றுவிட முடியுமா என்பது என் ஜம்பம்.

எங்கள் கடையில் முதல் காரியம், வந்தவரை உட்கார வைப்பது. நிற்கிறவர் எந்த நிமிஷமும் போய்விடுவார். உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும். அடுத்தது, "எந்த ஊருக்கா?" என்று கேட்பது. ஜொகூர் என்றாலும் சரி, தஞ்சாவூர் என்றாலும் சரி, அந்த ஊரில் எனக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் பிறப்பார். அதற்குப் பிறகு சேலைகளைப் பிரிக்க வேண்டும். ஒன்று கேட்டால் பத்து பிரிப்பேன். ஏழாவது எட்டாவது பிரியும்போதே வந்தவர் முகத்தில் சங்கடம் தெரியும். ஐயோ பாவம், இத்தனையையும் இந்தப் பெண் மடிக்க வேண்டுமே என்ற சங்கடம். எங்கள் கடையில் பாதிச் சேலைகள் அதில்தான் விற்கின்றன. நம்மவர்களுக்கு வெறுங்கையோடு கடைப்படி இறங்குவதென்றால் அவ்வளவு கூச்சம்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல இப்போது வாய் கசக்கிறது. வந்தவர் விலை குறைந்த சேலையில் கை வைத்தால், கொஞ்சம் தயங்குவதுபோல் தயங்கி, "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க கலருக்கு இது எடுக்காது" என்பேன். அவ்வளவுதான். அவர் கண்ணாடியில் சேலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன்னைப் பார்க்க ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் பட்டு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுவிட்டால் போதும், வேறு பேச்சே தேவையில்லை.

இத்தனையும் தெரிந்தவள்தான், மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் மகளுக்குக் காலணி வாங்கப் போனேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் நிலையத்தோடு ஒட்டிய பேரங்காடி. கீழ்த்தளத்தில் பலூன் கட்டி, மேசை போட்டு, ஏதோ மூளைப் பயிற்சி வகுப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் இந்த மாதிரி மேசைகளைக் கடக்கும்போது கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக நடப்பவள். அன்றும் அப்படித்தான் நடந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "அக்கா, தமிழா?" என்றது.

திரும்பினேன். அங்கேதான் தோற்றேன். எங்கள் கடை இருக்கும் தேக்கா பக்கம் தமிழ் கேட்டால் யாரும் திரும்ப மாட்டோம். எங்கள் பேட்டையில், சீனமும் ஆங்கிலமுமாக இரையும் கட்டடத்துக்குள் திடீரென்று "அக்கா" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. இளம் பெண், இருபத்தைந்து இருக்கும். இளஞ்சிவப்பு டீ-சட்டை. "பாப்பா பேரு என்ன? எந்த ஸ்கூல்?" என்று கேட்டுக்கொண்டே மகள் கையில் கலர் பென்சில் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டாள். "சும்மா லா அக்கா, ஃப்ரீதான். பத்து நிமிஷம் ஒரு கேம். பாப்பா விளையாடட்டும், நீங்க உட்காருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டாள். சிரிப்பு வந்தது எனக்கு. அடிப்பாவி, என் வேலையை என்னிடமே காட்டுகிறாயா என்று நினைத்தபடியே உட்கார்ந்தேன்.

மகளுக்கு ஒன்பது வயது நடக்கிறது. தொடக்கநிலை மூன்று, அதாவது மூன்றாம் வகுப்பு. தட்டைக் கணினியில் மீன் தொட்டிப் படம் வந்தது, எத்தனை மீன் என்று தட்ட வேண்டும். நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாசிக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரிந்தது. அது தனி மீனா, முன்னால் நிற்கும் மீனின் வாலா என்று இவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். முடிவு செய்து விரலைக் கொண்டு போவதற்குள் நேரம் முடிந்து படம் மாறிவிட்டது. அடுத்தடுத்த படங்களிலும் இதே கதை. இவள் எப்போதும் அப்படித்தான். மீன் குழம்பில் முள் பொறுக்குவதற்கே அரை மணி நேரம் எடுப்பாள். ஆனால் ஒரு முள்கூட விட மாட்டாள்.

தாள் ஒன்று அச்சாகி வந்தது. நாலு பச்சைக் கோடு, ஒரு சிவப்புக் கோடு. அந்தப் பெண் தாளை என் பக்கம் திருப்பிக் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாளே தவிர, மகள் என் முழங்கையை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா நல்ல பிள்ளை. ஆனா ப்ராசஸிங் ஸ்லோ, எதையும் புரிஞ்சு செய்ய நேரம் எடுக்குது. இந்த வருஷம்தானே முதல் முதலா எக்ஸாம் எழுதுறாங்க? இப்பவே பிடிச்சுட்டா சரி பண்ணிடலாம். அப்புறம் விட்டா கஷ்டம்."

தப்பா எடுத்துக்காதீங்க. என் வார்த்தை. இலவசம், நாற்காலி, தயக்கம், குறை, இனி மருந்து வரும் என்று எனக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. வந்தது. "இந்த பேட்ச்ல இன்னைக்கு ரெண்டே இடம்தான் இருக்கு அக்கா." எங்கள் கடையிலும் எல்லாச் சேலையும் கடைசிச் சேலைதான். எழுந்து போயிருக்க வேண்டும். சேலை என்றால் போயிருப்பேன். இது என் பிள்ளை. வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு நான் எதையோ மறுப்பதாக ஆகிவிடுமோ என்று பட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று டியூஷன் போகிறது, இவள் ஒன்றுக்கும் போகவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வரிசையாக ஞாபகம் வந்தது. பாசிக்குப் பின்னால் இருந்த வாலை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்தும் கையெழுத்துப் போட்டேன், முன்பணமும் கட்டினேன்.

காலணி வாங்க மறந்து வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். அலமாரியைக் கலைத்து அடுக்கினேன். துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பழுதுபார்ப்பு வேலை பார்க்கும் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும், நடந்ததைச் சொன்னேன். அவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் சேலை சுத்திவிடுறவளுக்கே ஒருத்தி நல்லா சுத்திவிட்டுட்டா போல."

"சிரிக்காதீங்க. எனக்கு எரிச்சலா வருது."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, "இவளுக்கு என்ன குறை?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் குப்பை கொட்டப் போகிறேன் என்று கிளம்பி, எங்கள் அடுக்குமாடி புளோக்கை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிவத்தின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "அஞ்சு நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்லலாம்னு இங்க பொடி எழுத்துல போட்டிருக்கு. உன் இஷ்டம்."

மறுநாளிலிருந்து மகளிடம் ஒரு மாற்றம். காலையில் பல் துலக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துலக்கினாள். சாப்பாட்டை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள். "மெல்ல மென்னு சாப்பிடுடி" என்றேன். "ஸ்லோவா சாப்பிடக் கூடாதும்மா" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். மூன்றாம் நாள் மீனில் முள் பொறுக்காமல் விழுங்கி, தொண்டையில் சிக்கி இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. முதுகைத் தட்டிச் சோற்றுருண்டை விழுங்க வைத்து முள்ளை இறக்கினேன். பயந்து போனேன்.

மறுநாள் காலை, கடையில், கறுத்த, நெடிய ஒரு பெண் மஞ்சள் சேலை ஒன்றை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தாள். என் வாய் என்னைக் கேட்கவில்லை. "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்து முழுசாகச் சொல்லி முடித்துவிட்டது. அவள் சேலையை வைத்துவிட்டுத் தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரக்குப் பட்டு எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனாள். பையைக் கட்டிக் கொடுக்கும்போது எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்தேன்.

பயிற்சி நிலையம் காத்தோங் வட்டாரத்தில் இருந்தது. அதுவரை மகளைப் பார்த்துக்கொண்ட கணவர் மதிய ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டதால், வீட்டுக்குப் போய் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பேருந்தில் மேல்தளத்தில் உட்கார்ந்து, நான் எனக்கே பாடம் எடுத்துக்கொண்டேன். உட்காரக் கூடாது. தண்ணீர் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது. முக்கியமாக, காரணம் சொல்லக் கூடாது. ஏனென்றால் வாங்காததற்கு ஒருவர் காரணம் சொல்லிவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். விலை என்றால் தவணை சொல்வேன், நேரம் என்றால் வீட்டுக்கே கொண்டு வருகிறேன் என்பேன். பேசாமல் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிறவரை என்னால் இதுவரை ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

மேலாளர் வந்தார். நாற்காலி காட்டினார். நின்றேன். "ஏன் மேடம், என்ன பிரச்சினை?" என்றார் ஆங்கிலத்தில்.

"வேண்டாம்."

"டைமிங் பிரச்சினையா? மாத்தித் தரோம்."

"வேண்டாம்."

இளஞ்சிவப்பு டீ-சட்டைப் பெண் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். முகம் சுருங்கிப் போயிருந்தது. "அக்கா, உங்களுக்காக ஒரு இடத்தைப் பிடிச்சு வச்சேன் அக்கா. பாப்பாவோட ஃப்யூச்சர் லா." அந்த "அக்கா"வைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. அவளுக்கும் மாதத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனாலும் படிவத்தை மேசையில் வைத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடி "வேண்டாம்" என்றேன். ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று மகள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நடந்தேன். ஐஸ்கிரீம் வேண்டுமா என்றேன். அவள் வேண்டாம் என்றாள். பேருந்து நிறுத்தத்தில் இருக்கையில் உட்கார்ந்து காலை ஆட்டாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, இப்ப நான் அந்த கிளாஸுக்குப் போகலையா?"

"போகலடா. தேவையே இல்ல."

"அப்ப நான் ஸ்லோவாவே இருக்கணுமா?"

நான் மருந்து என்று நினைத்து வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நோய் என்று அவர்கள் சொன்னதை யாரும் அவளிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தபோதே அவள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் முன்னால் நடைபாதையிலேயே குந்தி உட்கார்ந்தேன். அந்த அக்கா அப்படிச் சொன்னால்தான் அம்மாக்கள் பணம் கட்டுவார்கள், அது அவர்கள் வேலை என்றேன். அம்மாவும் கடையில் அப்படித்தான் பொய் சொல்கிறேன், ஒன்றுமில்லாத இடத்தில் குறை இருப்பதாகச் சொல்லிச் சேலை விற்கிறேன் என்றேன். நீ ஸ்லோ இல்லை, பாசிக்குப் பின்னால் இருந்த வாலைக்கூட நீ விடாமல் பார்த்தாய், அது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் தெரியுமா என்றேன்.

"பட் டைம் முடிஞ்சிருச்சேம்மா" என்றாள்.

எங்கள் பேருந்து வந்தது, போனது. அடுத்ததும் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த அத்தனை பேச்சையும் பேசினேன். கெஞ்சினேன், சிரிக்க வைத்தேன், அவள் அப்பா சொன்னதைச் சொன்னேன். வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரிடமும் நான் அவ்வளவு பேசியதில்லை, அவ்வளவு உண்மையும் பேசியதில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "ஓகேம்மா" என்று தலையாட்டி, என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் இவ்வளவு நேரம் பேசியது வீணாகப் போகிறதே என்ற இரக்கம் அவள் முகத்தில் இருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பேசுகிறவள் மனம் நோகக் கூடாதே என்று தலையாட்டிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிறவர்களின் முகம் அது.