யோகேஸ்வரி அக்காவைச் செலவாக எழுதியவர்கள்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது குசுமா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். யோகேஸ்வரி அக்கா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி அவர். சிங்களப் பெண்மணி, என்னை ‘நங்கி’, அதாவது தங்கை, என்றுதான் கூப்பிடுவார்; சிங்களத்தில் பேசினாலும் எனக்கு நன்றாக விளங்கும். ஆனாலும் அந்தச் செய்தியை அவர் தமிழிலேயே சொன்னார். “யோகா இல்ல, நங்கி. காலையில நெஞ்சு வலி. முடிஞ்சுது.”

மயானத்துக்கு எங்கள் பழைய கம்பனி பெரிய மலர்வளையம் ஒன்றை அனுப்பியிருந்தது. ‘எமது கணினிப் பிரிவின் தூண்’ என்று அதில் எழுதியிருந்தது. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அங்கே நின்று அதை வாசித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். விவரம் தெரியாதவர்களுக்காக நான் சொல்கிறேன்.

போர்க்காலம். தேயிலைத் தோட்டங்களுக்கு உரமும் கருவிகளும் விற்கிற அந்தக் கம்பனியின் கண்டி அலுவலகத்தில் நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட யோகேஸ்வரி அக்கா கணினிகளைப் பார்த்துக்கொண்டார். சரக்கிருப்பும் எல்லோருடைய சம்பளமும் ஒரே ஒரு மையக் கணினியில், சேர்வரில், இருந்தன. அது பழுதாகத் தொடங்கியதும், புதியதில் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்ற கேள்வி வந்தது. ஆண்டுதோறும் லைசன்ஸ் கட்டி வாங்குவதா, யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த மூல இயங்குதளமா? இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி அக்காவிடம் கேட்டார்கள்.

அவர் எந்தப் பக்கமும் சாயாமல் சொன்னார். லைசன்ஸ் உள்ளதில் பிழை வந்தால் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். ஊரடங்கு நாட்களில் வரமாட்டார்கள். திறந்த மூலத்துக்கு லைசன்ஸ் காசில்லை, அதை நாமே திருத்தலாம், ஆனால் திருத்தத் தெரிந்தவர்கள் வேண்டும். மனேஜருக்குக் காதில் விழுந்தது ஒரே சொல்தான்.

“அப்ப இது இலவசம்.”

“இலவசம் எண்டு நான் சொல்லேல்லை சேர். லைசன்ஸுக்குக் காசில்லை எண்டுதான் சொன்னனான். அந்தக் காசை ஆக்களுக்குச் செலவழிக்கோணும். குறைஞ்சது இன்னொராளையாவது எனக்குத் தாங்கோ, நான் பழக்கிவிடுறன்.”

“பார்ப்போம்.”

திறந்த மூலத்தையே தெரிந்தெடுத்தார்கள், இன்னொராளைத் தரவில்லை. லைசன்ஸ் காசும் மிஞ்சியது, ஆள் சம்பளமும் மிஞ்சியது. அக்கா தனியாகவே அதைக் கட்டி நிறுத்தினார். தெல்தெனிய களஞ்சியத்தில் கோளாறு என்றாலும் அவர்தான் ஓடவேண்டும். பாதி உண்ட சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டு எழும்பும்போது சேர்வரைப் பார்த்து, “உனக்கு என்ன கோவம் இப்ப?” என்பார். நாங்கள் சிரிப்போம்.

நகரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு வந்த சுற்றிவளைப்பு ஒன்றில் பொலிசார் அவரைப் பிடித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. பையில் அந்த இயங்குதளத்தின் இறுவட்டுகள் இருந்தன. எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறார்கள்; சும்மா கிடைப்பது என்று சொல்லியிருக்கிறார். யார் உனக்குச் சும்மா தருவது என்பதுதான் அடுத்த கேள்வி. உலகெங்கும் ஆட்கள் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் சும்மா விடுவது என்று அவர் சொன்ன உண்மையை அங்கே எவரும் நம்பவில்லை.

சேர்வர் நின்றுபோனது. அப்போதுதான் மனேஜர் என்னையும் அழைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அக்காவின் உதடு வெடித்திருந்தது. மனேஜர் எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பாஸ்வேர்டைக் கேட்டார்.

“நான் உங்கட கம்பனியில வேலை செய்யிறன், அந்த வட்டுகள் வேலைச் சாமான் எண்டு ஒரு கடிதம் தாங்கோ சேர். கையெழுத்து வைச்சுத் தந்தால் விடுவினம் போல கிடக்கு.”

மனேஜர் குரலைத் தாழ்த்தினார். “நானும் தமிழன்தானே யோகேஸ்வரி. கையெழுத்து வச்சா நாளைக்கு என்னையும் கூப்பிடுவாங்க.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “சம்பளம் போட்டாச்சோ?”

“இன்னும் இல்ல அக்கா.”

பாஸ்வேர்டை என்னிடம் சொன்னார்.

நாள் தவறாமல் சோறு கொண்டுபோனவர் குசுமா அக்கா. சட்டத்தரணி ஒருவரின் பின்னால் அலைந்து, பல வாரங்களுக்குப் பிறகு யோகேஸ்வரி அக்காவை வெளியே எடுத்தவரும் அவரேதான்.

அக்கா வேலைக்குத் திரும்பியபோது லைசன்ஸ் வாங்கிய புதிய சேர்வர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மாற்றியதற்கான அறிக்கையை நான்தான் காட்டினேன். திறந்த மூலத்தின் குறைகளுக்குக் கீழே எழுதியிருந்தார்கள்: ‘பராமரிப்பவர் திடீரெனக் கிடைக்காமல் போவதால் ஏற்படும் செலவு.’ அவர் அடைபட்டிருந்த நாட்களை, அவர் கட்டி நிறுத்திய இயங்குதளத்தின் தலையில் கட்டிவிட்டார்கள்.

“இது அதின்ர பிழையில்லை,” என்றார் அக்கா. “நான் பிறந்த ஊரின்ர பிழை.” அன்றே விலகல் கடிதம் கொடுத்தார். பிறகு கடைசிவரை கண்டியின் சிறு கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் கணினி பார்த்தே சீவித்தார். போகிற இடமெல்லாம் இருவரைப் பழக்கிவிட்டே வருவார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், கண்டி மார்க்கட்டில் அந்த மனேஜரைக் கண்டோம். ஓய்வு பெற்று, தளர்ந்து போயிருந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன செய்யிறது யோகேஸ்வரி, காலம் அப்படி இருந்தது” என்றார்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டார். “காலம் ஒண்டும் செய்யேல்லை சேர். நீங்கள்தான் கையெழுத்து வைக்கேல்லை.”

இறந்தவர் எல்லோரையும் மன்னித்துவிட்டார் என்று இரங்கல் கூட்டங்களில் சொல்வது வழக்கம். யோகேஸ்வரி அக்கா மன்னிக்கவில்லை. அந்த மன்னிக்காமையைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.