பாதிச் சாவி

பணம் எடுக்கும் இயந்திரத்தில் அசோகன் ரகசிய எண்ணை அழுத்தும்போதெல்லாம் ருக்மிணி திரும்பி நின்று சாலையைப் பார்ப்பாள். "நான் உன் அண்ணன்டி, பாத்தா என்ன?" என்பான். "பாத்துட்டா பாக்காததா ஆக்க முடியாதுண்ணா" என்பாள்.

பெங்களூரு தொம்மலூரில், வங்கி அட்டைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அமெரிக்க அரசு 2001இல் தன் நாட்டுத் தரமாக அறிவித்த மறையாக்க முறைதான் அங்கே ஓடுகிறது. செய்தியைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி உருத்தெரியாமல் கலைத்துவிடும். கலைக்கவும் மீட்கவும் ஒரே சாவி, ஒரு நீண்ட எண். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் அசோகன் பத்தாவதோடு நின்றவன். இருந்தாலும் ஷிஃப்டில் எல்லோருக்கும் விளக்குவான்: "முறை என்னன்னு புஸ்தகத்துலயே போட்டிருக்காம்பா. சாவி மட்டுந்தான் ரகசியம்."

"அத யாராலயும் உடைக்க முடியாதாமே?" என்று ஒருமுறை அவளிடமே கேட்டான்.

"உடைக்க மாட்டாங்க. போன் பண்ணிக் கேப்பாங்க."

அந்தச் சாவியில் ஒரு பங்கு ருக்மிணியிடம், மற்றது உடன் வேலை செய்யும் கிஷோரிடம். ஒருவர் தன் பங்கைத் தட்டும்போது மற்றவர் அறையில் இருக்கக் கூடாது.

ஞாயிறு காலை சர்வர் பழுதாகி, மாற்று இயந்திரத்தில் சாவியை மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. அதுவரை அட்டைகள் எதுவும் வேலை செய்யாது. கிஷோர் வாணியம்பாடியில், மச்சான் கல்யாணத்தில். அண்ணனும் தங்கையும் இருக்கும் ஈஜிபுரா வீட்டு போனில் மேனேஜர் கோவிந்தப்பாவின் குரல் அடுப்படிவரை கேட்டது.

"கிஷோர் அவன் பங்க போன்ல சொல்வான். ரெண்டையும் நீயே போட்டுடும்மா."

"ஒருத்தர்கிட்ட ரெண்டும் இருக்கக் கூடாது சார். அவர் வரட்டும்."

"ஏனம்மா இது! உன்ன யாரு திருடின்னாங்க? உன் கன்ஃபர்மேஷன்ல நான்தான் கையெழுத்துப் போடணும், நெனப்பிருக்கா?"

போன் வைக்கப்பட்டது. அசோகன் அடுப்படியிலிருந்து வந்தான். தங்கைக்கு வேலை நிரந்தரமாவதை அதற்குள் பீன்யா முழுக்கச் சொல்லியாயிற்று.

"வாங்கிக்கயேம்மா. உன்ன நம்பித்தானே சொல்றாங்க."

"நாளைக்கு எங்கயாவது காசு போச்சுன்னா, நான் எடுக்கலன்னு எப்படிண்ணா சொல்வேன்?"

மறுபடி மணி அடித்தது. எடுத்தாள். கிஷோர்.

"ருக்மிணி, எழுதிக்கோ. நல்ல வேளை, பர்ஸ்லயே எழுதி வெச்சிருந்தேன். மொதல்ல ஏழு..."

அவள் விரல் போனை அமுக்கித் துண்டித்தது. "பர்ஸ்லயாம்" என்றாள்.

ரிசீவரை வைத்தவுடன் திரும்பவும் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அசோகன் தங்கையைப் பார்த்தான், போனைப் பார்த்தான், எடுத்தான்.

"சார், நான் ருக்மிணியோட அண்ணன். நம்பர் ஒண்ணும் சொல்லாதீங்க. நேரா பஸ் ஏறுங்க. சில்க் போர்டு ஸ்டாப்புல வண்டியோட நிக்கிறேன்."

பேசி முடித்துத் திரும்பினான். ருக்மிணி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, தெருவைப் பார்த்தபடி, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.